பொறையுடைமை

மேசை நடுவில் ஒரு மரப்பலகை. அதன்மேல் நாலைந்து வகைச் சீஸ், காம்போடு திராட்சைக் கொத்து, ஓரத்தில் விசிறி மாதிரி அடுக்கிய மெல்லிய பழுப்புத் துண்டுகள். போன வருஷம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, என்னோடு வேலை பார்க்கிறவர் வீட்டு விருந்து. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிப்போயிருந்தேன். டொராண்டோவுக்கு வந்து மூன்று மாதமாகியும் அம்மாவுக்குச் சீஸ் ஒத்துவரவில்லை. தூரத்திலேயே மூக்கைச் சுளிப்பாள். சும்மா நின்றால் வீட்டுக்காரர் வருத்தப்படுவாரே என்று அந்தப் பழுப்புத் துண்டில் ஒன்றை மட்டும் எடுத்தாள்.

கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. மிச்சத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதியாக அறுபட்ட உலர்திராட்சை, குறுக்கே வெட்டுப்பட்ட ஏதோ ஒரு பருப்பு, பச்சையாக ஒரு பூசணி விதை.

"எய்யா, இது நம்ம பொறைல்ல?"

அதே நேரத்தில் வீட்டுக்காரர், இது சாதாரண பிஸ்கட் இல்லை, கூர்மே கிராக்கர், சீஸ் கடையில் மட்டும்தான் கிடைக்கும், பெட்டி 9 டாலர் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பொறை சாப்பிடாதவர்களுக்காக: கோவில்பட்டி டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் வர்க்கிக்குப் பக்கத்தில் இருக்கும். சின்ன பன்னை ஈரமே இல்லாமல் காயும்வரை மறுபடி சுட்டது. டீயில் முக்காமல் கடித்தால் பல்லுக்கு யாரும் பொறுப்பில்லை. தெருநாய்க்கு வாங்கிப் போடுவதற்கென்றே கடைக்கு வருகிறவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள் என்பது எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா பொறையுடைமை அதிகாரம் நடத்தியபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "பையில பொறை வெச்சிருக்கறதாடா பொறையுடைமை?" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் கேட்டு, பெஞ்சு மொத்தமும் வெளியே நின்றோம். நானும் நின்றேன்.

அம்மா சொன்னது சரிதான் என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. பிஸ்கட் என்ற சொல்லே 'இரண்டு முறை சுட்டது' என்ற லத்தீன் வார்த்தைகளிலிருந்து வந்தது. இத்தாலிக்காரர்களின் பிஸ்கோட்டியும் அதே வேர்தான். ஜெர்மன்காரர்களின் ஸ்வீபாக்கும் அர்த்தத்தில் அதேதான். நம் ரஸ்க்கும் அந்தக் குடும்பம். எங்கள் தெரு பேக்கரியில் விறகு அடுப்பு இருந்தது. ராத்திரி வேலை முடிந்ததும் கங்குகளை வழித்துத் தள்ளிவிட்டு, அறுத்த ரொட்டியைத் தட்டில் பரப்பி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். விடிந்தால் ரஸ்க். அணைகிற அடுப்பின் சூடே போதும்.

கனடாவில் இந்தப் பழம்-பருப்பு வகையைப் பேர்பெறச் செய்தவர் வான்கூவரின் சமையல்காரர் லெஸ்லி ஸ்டோ. அவருடைய 'ரெயின்கோஸ்ட் கிரிஸ்ப்ஸ்' வந்த பிறகு அதைப் பார்த்து வீட்டில் சுட்டுப் பார்க்காத கனடியச் சமையல்காரர்கள் குறைவு. அளவுகள் ஆளுக்கு ஆள் மாறும், அடிப்படை ஒன்றுதான். மோரும் சோடா உப்பும் சேர்த்து, இனிப்புக் குறைவாக, பழமும் பருப்பும் நெருக்கமாக ஒரு ரொட்டி. அதை ஆறவைத்து, மெல்லிசாகச் சீவி, மறுபடி ஓவனில் வைப்பது. ஈஸ்ட் இல்லை, பிசைதல் இல்லை, உருட்டுக்கட்டை இல்லை. இவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன்.

செய்முறையைப் பாதி படித்ததும் அடுப்பைப் பற்றவைக்கிற ரகம் நான். ரொட்டி வெளியே வந்த சூட்டோடு அறுத்தேன். பீக்கன் பருப்பு இருந்த இடத்திலெல்லாம் கத்தி மாட்டி, அக்கம்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. பலகையில் விழுந்தது துண்டு இல்லை, புட்டு. "தேங்காப்பூவும் சீனியும் போட்டா சாப்பிட்டுறலாம்" என்றாள் அம்மா. அப்படியேதான் சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க ஆறவிட்டு அறுத்தேன். துண்டு துண்டாக வந்தது, ஆனால் தடிமன் அரை விரல். ஓவனை 400க்கு ஏற்றினேன். இந்த ஊரில் வெயிலையும் பனியையும் செல்சியஸில் சொல்வார்கள், ஓவன் மட்டும் இன்னும் ஃபாரன்ஹீட். பத்து நிமிஷத்தில் ஓரம் கறுத்தது. அறுபட்டு வெளியே தெரிந்த உலர்திராட்சை ஒவ்வொன்றும் குட்டிக் கரித்துண்டு. நடுவில் மட்டும் செருப்புத்தோல் மாதிரி வளைந்தது. எரிந்ததும் வேகாததும் ஒரே துண்டில் எப்படி இருக்க முடியும் என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள்.

"மொத தடவையே வெந்துபோச்சுல்ல? பொறகு எதுக்கு இம்புட்டுச் சூடு? வத்தல் போட்டிருக்கியா நீ? இது வேக வேண்டியதில்ல. காய வேண்டியது."

வற்றல் விஷயத்தில் அம்மாவோடு எதிர்வாதம் செய்கிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஜூலையில் எங்கள் பால்கனியில் அவள் கூழ் வடகம் பிழிந்த கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நல்ல வெயில், பழைய வேட்டி, ஆறு மணிக்கே எழுந்து கிண்டிய கூழ். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் ஓர் அணில் சாவகாசமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. டொராண்டோ அணில் பூனைக்குட்டி அளவு இருக்கும், பல அணில்கள் மை மாதிரிக் கறுப்பு. அம்மாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "முதுகுல கோடே இல்லையேய்யா. ராமர் கை படாத அணிலு. அதான் புத்தி இப்படிப் போகுது."

வேகுவதற்கும் காய்வதற்கும் அவள் சொன்ன வித்தியாசத்தை மூன்றாவது முறை தராசு வைத்துச் சரிபார்த்தேன். முதல் சூட்டுக்குப் பிறகு, சீவிய துண்டுகள் மொத்தம் 1,040 கிராம். இரண்டாவது சூடு முடிந்து ஆறிய பிறகு 720. நடுவில் போன 320 கிராமும் தண்ணீர், ஒன்றரை டம்ளர். இரண்டாம் முறை ஓவனில் நடப்பது சமையலே இல்லை, துணி காய்வதுபோல ஒரு காரியம். சூட்டை ஏற்றினால் மேல்பரப்பு கருகிக்கொண்டே போகும், நடுவில் இருக்கிற ஈரம் வெளியே வர அதற்குரிய நேரத்தை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பழத்தின் சர்க்கரையோ யாருக்கும் காத்திருக்காது. அதனால்தான் என் துண்டில் கரியும் தோலும் ஒன்றாக இருந்தன. மெல்லிசாகச் சீவு, சூட்டைக் குறை, நேரத்தைக் கொடு. நான் செய்தது மூன்றுக்கும் நேர் எதிர்.

இப்போது நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

மைதா 200 கிராம், கோதுமை மாவு 60 கிராம், சோடா உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன். இதில் நாட்டுச்சர்க்கரை 50 கிராம் கலந்துகொள்கிறேன். இங்கே கிடைக்கும் பிரவுன் சுகர் போட்டாலும் சரி. பூசணி விதை 60, பீக்கன் 60, எள் 35, பொடித்த ஆளி விதை 30, உலர்ந்த கிரான்பெர்ரி 100, பொடியாக நறுக்கிய உலர் ஆப்ரிகாட் 50, எல்லாம் கிராம் கணக்கு. பழத்தை மாவிலேயே புரட்டிவிடுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாது. ரோஸ்மேரி இலையைப் பொடியாக அரிந்து ஒரு மேசைக்கரண்டி. கடைசியில் மோர் 450 மில்லி, அதில் கரைத்த தேன் 80 கிராம். கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அவ்வளவுதான். கெட்டி இட்லி மாவுப் பதத்தில், கரண்டியைச் சாய்த்தால் தொப்பென்று விழ வேண்டும்.

மோர் என்றதும் நம் வீட்டு நீர்மோரை நினைக்காதீர்கள். இங்கே பட்டர்மில்க் என்று அட்டைப்பெட்டியில் விற்பது கிட்டத்தட்ட கடைந்த தயிர். அது இல்லாவிட்டால் முக்கால் பங்கு புளித்த தயிரில் கால் பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்துகொள்ளலாம். புளிப்பு அவசியம். அதுவும் சோடா உப்பும் சேர்ந்துதான் நுரைத்து ரொட்டியை எழுப்புகின்றன. இந்த நுரை கலந்த நிமிஷமே தொடங்கிவிடும், அதனால் மாவைக் கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போகக்கூடாது. நான் போனேன், ரொட்டி செங்கல் மாதிரி வந்தது. பல செய்முறைகளில் சோடா உப்பு இரண்டு டீஸ்பூன் இருக்கும். ஒரு கப் மோரின் புளிப்பு அரை டீஸ்பூனைத்தான் சமாளிக்கும். மிஞ்சுகிற சோடா நல்ல நிறம் கொடுக்கும் என்பது உண்மை, கூடவே சோப்பு வாடையும் கொடுக்கும். நிறத்துக்காகக் கொஞ்சம் கூட, வாடை வராத அளவுக்கு. ஒன்றேகாலுக்கு வந்தது அப்படித்தான்.

பெரிய ரொட்டித் தகரம் வேண்டாம். உள்ளங்கை நீளமுள்ள சின்னத் தகரங்கள் நாலு. கிராக்கர் ஒரே வாயில் போகிற அளவுக்கு வரும் என்பதோடு, சின்ன ரொட்டி நடுவரை ஒரே சீராக வேகும். 350 டிகிரியில், அதாவது 175 செல்சியஸில், 30லிருந்து 35 நிமிஷம். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

அடுத்தது ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கச் சும்மா இருப்பது. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்துக் கிடக்குமே, அதேதான் இங்கேயும். வெந்தபோது இளகிய மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகுகிறது. ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், சீக்கிரம் காய்ந்து போகும் என்று சொல்வார்கள் இல்லையா, எனக்கு வேண்டியதே அந்த இறுக்கம்தான். காலையில் எடுத்து ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் போட்டால், உள்ளே இருக்கும் பழம்கூடக் கல்லாகிவிடும். அப்போது பல்லுள்ள ரொட்டிக் கத்தியை அழுத்தாமல் ரம்பம்போல இழுத்தால், 3 மில்லிமீட்டர் தடிமனில், பீக்கன் குறுக்கே அறுபட்டு, உள்வரி தெரியத் துண்டு விழும். சீசாக் கண்ணாடியில் பூ வைத்து அடைத்தது மாதிரி இருக்கும். எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த இடம் இதுதான். ஒரு ரொட்டிக்கு 25, 26 துண்டு. அறுக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவாள். எதற்கு எண்ணுகிறாய் என்று கேட்டால், "அந்த ஒம்பது டாலர் பெட்டியில எத்தன இருந்துச்சு?" என்பாள். வாங்கிப் பார்த்திருக்கிறேன், 22.

இரண்டாவது சூடு 300 டிகிரி, செல்சியஸில் 150. பதினைந்து நிமிஷம் கழித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு இன்னும் பத்து. பிறகு அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திவைத்துவிடுகிறேன், எங்கள் தெரு பேக்கரிக்காரர் மாதிரி. எடுக்கும்போது துண்டு லேசாக வளைந்தாலும் பயப்பட வேண்டாம். கடலைமிட்டாய் ஊரில் பிறந்தவன் இதை மறந்திருக்கக் கூடாது. பாகு சூட்டில் குழையும், ஆறினால்தான் உடையும். 2020ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது. என் பங்குக்கு நான் செய்தது, முதல் தடவை வளைந்த கிராக்கரைப் பார்த்துப் பதறி மறுபடி உள்ளே தள்ளிக் கருக்கியதுதான். அம்மா தொட்டுப் பார்ப்பதே இல்லை. ஆறிய பிறகு காதுப் பக்கம் வைத்து உடைப்பாள். அப்பளத்துக்கும் முறுக்குக்கும் அதே பரிசோதனைதான்.

பழத்தைப் பற்றிக் கொஞ்சம். அக்டோபரில் அம்மாவை மஸ்கோகா பக்கம் பாலா என்ற ஊருக்குக் கூட்டிப்போனேன். "யாரு பாலா? ஒன் சிநேகிதனா?" என்றுதான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்டாரியோவில் கிரான்பெர்ரி விளையும் ஊர் அது. அக்டோபரில் அதற்கென்றே ஒரு திருவிழா நடக்கும். அறுவடைக்கு வயலில் தண்ணீரைத் தேக்கிவிடுகிறார்கள். பழத்துக்குள் நாலு காற்றறை இருப்பதால், கொடியிலிருந்து உதிர்ந்ததும் மிதக்க ஆரம்பிக்கும். குளம் பூராவும் குங்குமம் கொட்டினதுபோலச் சிவப்பு. தொடைவரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் நடுவே நடந்து ஒதுக்கிக்கொண்டு போனார்கள். அம்மா பச்சையாக ஒன்றைக் கடித்து, ஒரு கண்ணை மூடி, "களாக்கா!" என்றாள். எனக்கு அதைவிடச் சரியான விளக்கம் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் புளிப்பினால்தான் உலர்ந்த கிரான்பெர்ரியைச் சர்க்கரை சேர்த்தே விற்கிறார்கள். ஆகவே மாவில் இனிப்பைக் கூட்டிவிடாதீர்கள். ஆப்ரிகாட் சேர்ப்பது என் சொந்த ஆசை. சீவிய முகத்தில் அது மஞ்சள் ஜன்னல் மாதிரி தெரியும், சுவைக்குப் பெரிய பங்கில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

ரோஸ்மேரிக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. "தைலம் தேய்ச்ச பிஸ்கட்டு" என்று பேர் வைத்தாள். அநியாயமான பேர் என்று சொல்ல முடியாது. நீலகிரித் தைலத்துக்கு வாசம் கொடுக்கும் அதே சினியோல் ரோஸ்மேரியிலும் இருக்கிறது, கூடவே கற்பூர வாசமும். சரி, உனக்குப் பிடித்ததைப் போடு என்று ஒருநாள் சமையலறையை விட்டுக்கொடுத்தேன். கருப்பட்டி, வறுத்து உடைத்த நிலக்கடலை, எள், தட்டிய சுக்கு, பேரீச்சை. பருப்பும் பழமும் எடை மட்டும் அதே அளவு. கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்ததில் ரொட்டி கறுப்பாகவே வந்தது, எது கருகியது எது நிறம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பேரீச்சை கத்தியில் பிசினாக ஒட்டியது. ஆனால் வாய்க்கு? சுக்கு தொண்டையில் இறங்குகிற வேளையில் கடலை வருகிறது. டீக்கு அதை அடிக்க ஆளில்லை. சீஸோடு மட்டும் சேரவில்லை, சண்டை போட்டது. ஆட்டுப்பால் சீஸுக்கு ரோஸ்மேரிதான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீட்டில் இதுகுறித்து இன்னும் சமாதானம் ஏற்படவில்லை.

டீ என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மா முதல் வெற்றிகரமான கிராக்கரை எடுத்துக்கொண்டு நேராக டீ டம்ளருக்குத்தான் போனாள். மூன்று மில்லிமீட்டர் எப்படித் தாங்கும்? முக்கின பாதி அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "பாக்கதான் அழகு. டீக்குத் தாங்கல." அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு ரொட்டியை மட்டும் அவளுக்காக அரை விரல் தடிமனில் அறுத்து, 275 டிகிரியில் முக்கால் மணி நேரம் காயவிட்டேன். அது அசல் பொறை. நாய்க்குப் போட மனசு வராத பொறை.

செலவுக் கணக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் செய்தால் காசு மிச்சம் என்று எழுதுகிறவர்கள் பீக்கன் விலையைச் சொல்வதே இல்லை. சின்னப் பொட்டலங்களாக வாங்கினால் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் பருப்பையும் விதையையும் மொத்தமாக அள்ளி நிறுத்து விற்கும் கடையில் வாங்குகிறேன். நூறு துண்டுக்கு எனக்கு 20 டாலருக்குள் முடிகிறது. இரண்டு நாளில் பரவிய வேலை, மின்சாரம், புட்டாகப் போன முதல் ரொட்டி, கரியாகப் போன இரண்டாவது, செங்கல்லாகப் போன இன்னொன்று எல்லாம் கணக்கில் வராது.

பத்திரப்படுத்துவதில்தான் எனக்கு 'நமத்துப்போவது' என்ற சொல்லின் அருமை தெரிந்தது. அலுவலகத்தில் ஒருவருக்கு இதை ஆங்கிலத்தில் விளக்கப் போய்த் திண்டாடினேன். ஈரமாகவில்லை, கெட்டுப்போகவில்லை, பழசாகவில்லை, ஆனால் நமத்துப்போயிற்று. அப்பளம் சாப்பிடாத மொழிக்கு இது தேவைப்பட்டிருக்காது போல. டொராண்டோ குளிர்காலம் கிராக்கருக்கு வரம். ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்றில் உதடே வெடிக்கும், கிராக்கர் மேசைமேல் திறந்து கிடந்தாலும் மொறுமொறுவென்று இருக்கும். ஜூலையில் செய்து பார்த்தேன், மூடிய டப்பாவிலேயே மூன்றாம் நாள் நமத்துவிட்டது. மறுபடி 300 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்து ஆறவிட்டால் திரும்பி வந்துவிடும்.

டிசம்பர் முதல் வாரம் அம்மா ஊருக்குக் கிளம்பினாள். ஒரு எவர்சில்வர் தூக்கு நிறைய, கீழே அவளுடைய தடிமன் பொறை, மேலே என் மெல்லிசுக் கிராக்கர், நடுவில் பட்டர் பேப்பர். போய் இரண்டு வாரம் கழித்துப் பேசும்போதுதான் கேட்டேன், எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று.

"எங்க தீர? இங்க வந்ததுலருந்து அடைமழ. தூக்கத் தொறந்தா எல்லாம் நமத்துக் கெடக்கு. இன்னைக்குத்தான் வெயில் அடிச்சுச்சு. மொட்ட மாடியில வேட்டிய விரிச்சு மதியம் வரைக்கும் காயப் போட்டேன். இப்ப எடுத்து ஒடச்சுப் பாத்தேன், சத்தம் கேக்குது."

"எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு கொறையுது. ஒங்க ஊரு பருப்பு வெச்ச துண்டு, அணில் தூக்கிட்டுப் போயிருச்சு." ஒரு நொடி நிறுத்தினாள். "கோடு போட்ட அணிலுதான்."